விமானி பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கில் இருநூறு மணி. அதில் மலை எத்தனை?

கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். விபத்துக்கு மேல் விபத்து நடந்தபின், ஊட்டியிலிருந்து மசினகுடிப் பக்கம் இறங்க வெளியூர் வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். நீலகிரிப் பதிவான டிஎன் 43 பலகை உள்ள வண்டிக்குத்தான் வழி. "இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன் சார்" என்று செக்போஸ்டில் சொன்னால் எடுபடாது. அந்த இருபது வருஷமும் ஜிஎஸ்டி ரோட்டில் போனதா, இரண்டாவது கியரில் பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்கிப் பழகியதா என்பதுதான் அங்கே கேள்வி. நம்பர் பலகை அதற்கு முழுச் சாட்சி ஆகாது, ஊட்டியிலும் மோசமான டிரைவர்கள் உண்டு. ஆனாலும் வருஷக் கணக்குக்கு அது எவ்வளவோ மேல்.

சின்ன விமானம் ஓட்டுகிறவர்களின் மணிக்கணக்கும் இதே சிக்கலில்தான் இருக்கிறது. சம்பளத்துக்காக அல்லாமல் சொந்த விருப்பத்துக்காகப் பறக்கும் தனியார் விமானிக்கு லாக்புக்தான் ஜாதகம். முதல் சோலோ (தனியாகப் பறப்பது), 40, 100, 200, 500, 1000 என்று சில எண்கள் வரும்போது கொண்டாட்டம் உண்டு, போட்டோ உண்டு, கொஞ்சம் திமிரும் உண்டு. நீலகிரியிலோ பழனி மலையிலோ குடியிருந்துகொண்டு, பறப்பதற்குச் சமவெளிக்கு இறங்கி வருகிறவருக்கு அந்த எண்களின் பொருள் இன்னும் கொஞ்சம் மாறுகிறது. இரண்டு மலைகளிலும் பயிற்சி விமானம் இறங்க ஓடுதளம் கிடையாது. லாக்புக்கின் மணிகள் எல்லாம் கீழே சேர்ந்தவை. ஆசை மட்டும் தன் வீட்டு ஓட்டை மேலிருந்து பார்க்க வேண்டும் என்பது.

எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் பார்த்துவிடலாம். 40 மணி என்பது தனியார் விமானி உரிமமான பிபிஎல்-க்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுகோல் அது. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ-யும் அதையே கேட்கிறது. வயது 17 நிறைந்திருக்க வேண்டும். அந்த 40-க்குள் தனியாக ஒரு 150 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர்) பயணம், இரண்டு வேறு வேறு விமான நிலையங்களில் முழுமையாக இறங்கி நின்று புறப்பட்டிருக்க வேண்டும். 200 என்பது வணிக உரிமமான சிபிஎல்-க்கு இந்தியா வைத்த அளவு. அதில் 100 மணி தானே தலைமை விமானியாக இருந்திருக்க வேண்டும், ஒரு பயணம் 300 கடல் மைலாவது இருக்க வேண்டும், 10 மணி கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்திருக்க வேண்டும், 5 மணி இரவில். கோயம்புத்தூர், சேலம், திருச்சி, மதுரை, மறுபடி கோயம்புத்தூர் என்று ஒரு சுற்று வந்தால் ஏறத்தாழ 310 கடல் மைல். 300-க்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

முதல் சோலோவுக்கு மணி கிடையாது. இன்ஸ்ட்ரக்டர் கதவைத் திறந்து இறங்கி, "ஒரு சுற்று போய்ட்டு வாங்க" என்று சொல்லும் நிமிடம்தான் அது. மொத்த மணியாக 100-க்கும் 500-க்கும் 1000-க்கும் இந்த உரிமங்களில் ஒரு பொருளும் இல்லை. பத்து விரல்கள் கொண்ட பிராணி தனக்குத்தானே வைத்துக்கொண்ட மைல்கற்கள் அவை. வருஷத்துக்கு 30 மணி பறக்கும் ஞாயிற்றுக்கிழமை விமானிக்கு 1000 மணி சேர 33 வருஷம் ஆகும். அதே 1000 மணியை ஒரு முழுநேர இன்ஸ்ட்ரக்டர் ஒன்றரை, இரண்டு வருஷத்தில் சேர்த்துவிடுவார். லாக்புக்கின் கடைசிப் பக்கத்தில் இரண்டு தொகையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

1,500 என்ற எண்ணின் கதை இதில் சுவாரசியமானது. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து ஸ்டால், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் நிலை, நெருங்குவதாக எச்சரிக்கை வந்தபோது, மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகக் கேப்டன் கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுத்தார். அதன்பின் 2010-இல் சட்டம் வந்தது, 2013-இல் விதி வந்தது: இனி பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் 1,500 மணி வேண்டும். விபத்தான விமானத்தின் இரண்டு விமானிகளிடமுமே 1,500-க்கு மேல் இருந்தது. கோளாறு ஒரு பழக்கத்தில் இருந்தது, மருந்தைத் தொகைக்குக் கொடுத்தார்கள். அந்த விதியால் வேறு நன்மைகள் இருந்திருக்கலாம், ஆனால் அது பிறந்த காரணத்துக்கு அது பதிலாக இல்லை.

சரி, ஒரு மணி என்பதே என்ன? விமானம் பறப்பதற்காக முதன்முதலில் நகரத் தொடங்கிய கணத்திலிருந்து, பறந்து முடித்துக் கடைசியாக நின்ற கணம் வரை. ஓடுதளத்தை நோக்கி ஊர்ந்த நேரம், பயணிகள் விமானங்கள் இறங்கட்டும் என்று ஓரமாகக் காத்திருந்த நேரம் எல்லாம் சேர்ந்தே கணக்கு. கோயம்புத்தூர் போல நெரிசலான நிலையத்தில் ஒரு மணி என்று எழுதியதில் சக்கரம் தரையை விட்டிருந்தது 40 நிமிடமாக இருப்பது சகஜம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, விதியே அப்படித்தான். விமானத்திலும் இரண்டு மீட்டர்கள் வேறு வேறு கதை சொல்லும். ஹாப்ஸ் மீட்டர் பெரும்பாலும் ஆயில் அழுத்தம் வந்ததும் ஓடத் தொடங்கும், கடிகாரம்போல. டாக்கோ மீட்டர் இன்ஜின் சுற்றைப் பொறுத்தது, மெதுவாகச் சுற்றினால் அதன் மணியும் மெதுவாக நகரும். வாடகைக்கு ஹாப்ஸ், பராமரிப்புக்கு டாக்கோ என்று வைத்துக்கொள்ளும் கிளப்புகள் உண்டு. லாக்புக்கில் எழுத வேண்டியது இரண்டும் அல்ல, நகர்ந்த நேரமும் நின்ற நேரமும்தான்.

இன்ஜினுக்கு மணிக்கணக்கு நேர்மையாகப் பொருந்துகிறது. சின்ன விமானங்களில் வரும், ஆயில் ஃபில்டர் வைத்த லைகாமிங் இன்ஜினுக்கு 50 மணிக்கு ஆயில் மாற்றம், 100 மணிக்குப் பெரிய சோதனை, 500 மணிக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைக் கழற்றிப் பார்ப்பது, 2,000 மணிக்கு முழு ஓவர்ஹால். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் கொஞ்சம் தேய்கிறது, ஆகவே மணியைக் கூட்டினால் தேய்மானம் தெரியும். மனிதன் அப்படித் தேய்வதும் இல்லை, அப்படிக் கூடுவதும் இல்லை.

மனிதனுக்கு இறக்கங்களின் எண்ணிக்கை இன்னும் நல்ல அளவுகோல். சர்க்யூட் என்று சொல்லும் ஒரு சுற்று, அதாவது ஏறி, ஓடுதளத்துக்கு இணையாகத் திரும்பி வந்து, இறங்குவது, ஆறு ஏழு நிமிடம். ஒரு மணியில் எட்டு அல்லது ஒன்பது இறக்கம் கிடைக்கும். ஊர்விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி பயணத்தில் ஒன்றரை மணிக்கு ஒரே இறக்கம். 100 மணி வைத்திருக்கும் இருவரில் ஒருவர் 500 தடவை இறங்கியிருப்பார், மற்றவர் 120 தடவை. பக்கக் காற்றில் சக்கரத்தைத் தரையில் வைக்கும் கை யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. அதேபோல, 120 தடவை இறங்கியவருக்குத்தான் மேகம் திரள்வதைத் தூரத்திலேயே பார்த்துத் திரும்பிய அனுபவம் இருக்கும். ஒன்றை ஒன்றால் ஈடுகட்ட முடியாது.

விமானிகளிடையே அடிக்கடி அடிபடும் ஒரு பேச்சு உண்டு: 50 மணியிலிருந்து 350 மணி வரை ஆபத்தான காலம் என்பது. இன்ஸ்ட்ரக்டரின் கண் விலகிவிடும், பயம் போய்விடும், திறமை இன்னும் வந்திருக்காது. வாதம் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. தனியார் விமானிகளில் பெரும்பகுதி அந்த மணிகளுக்குள்தான் இருக்கிறார்கள். அங்கே விபத்துகளின் எண்ணிக்கை அதிகமாக இருப்பதில் வியப்பு இல்லை. பறந்த மணிக்கு எத்தனை விபத்து என்று வகுத்துப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும். 351-ஆம் மணியில் யாரும் பத்திரமாகிவிடுவதில்லை. புதிதாக ஒரு காரியத்தை முதல் தடவை செய்யும்போதெல்லாம் அந்த ஆபத்துக் காலம் மறுபடி தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்வதே பயனுள்ளது. மலை அப்படிப்பட்ட ஒரு புதுக் காரியம்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். கோயம்புத்தூர் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,324 அடி. தொட்டபெட்டா 8,652 அடி. நேர்கோட்டில் ஊட்டி 30 கடல் மைல், குன்னூர் 24. நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 172எஸ் முழு எடையில், கடல் மட்டத்தில், விமானக் கணக்குக்கு என்று பொதுவாக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தில் (அங்கே 15 டிகிரி) நிமிடத்துக்கு 730 அடி ஏறும் என்கிறது கையேடு. 14,000 அடியில் அது 100 அடியாகச் சுருங்கிவிடும். நடுவில் ஏறத்தாழ நேர்கோடாகக் குறைகிறது, ஆயிரம் அடிக்கு 45 அடி வீதம்.

விமானத்துக்கு உயரம் என்றால் காற்றின் அடர்த்தி. 36 டிகிரி வெயிலில் கோயம்புத்தூர் ஓடுதளமே விமானத்துக்கு 4,150 அடி போலத் தெரியும். அந்த உயரத்துக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தைவிட (கோயம்புத்தூருக்கு 12 டிகிரி) ஒவ்வொரு டிகிரி அதிகத்துக்கும் 120 அடி கூட்டினால் இந்தக் கணக்கு வரும். அங்கே ஏற்றம் நிமிடத்துக்கு 540 அடி. 6,000 அடியைத் தொடும்போது 360. ஊட்டியின் தரை 7,350 அடி என்றாலும், 20 டிகிரி வெயில் அடிக்கும் மதியத்தில் அந்தக் காற்று 9,700 அடிக் காற்று. 10,500 அடியில் ஏற்றம் 200-க்கும் கீழே.

இதை மலை ரயிலோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். கல்லாறுக்கு மேல் பல் சக்கரத்தில் ஏறும் நீலகிரி ரயிலின் சரிவு அதிகபட்சம் 12-க்கு 1. முழு எடையில் வெயில் நேரத்தில் புறப்பட்ட செஸ்னாவின் ஏற்றச் சரிவு தரையருகே 15-க்கு 1, 6,000 அடியில் 23-க்கு 1. ரயில் வளைந்து வளைந்து போகிறது, ஆகவே மலை அதைவிடச் செங்குத்து என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் நிலையம் நேர்கோட்டில் 16 கிலோமீட்டர், ஏற்றம் 1,400 மீட்டருக்குச் சற்றே குறைவு; அதுவும் ஏறத்தாழ 12-க்கு 1-தான். ஆக, மேட்டுப்பாளையம் மேல் தாழ்வாக வந்து, மலையைப் பார்த்ததும் மூக்கைத் தூக்கினால் ஏறிவிடலாம் என்று நினைப்பவரைவிட மலை வேகமாக ஏறும். கண்ணாடியில் அது தெரியாது. எதிரே சரிவு உயர்ந்துகொண்டே வரும்போது, விமானம் மட்டமாகப் போனாலும் மூக்கு தாழ்ந்திருப்பதுபோல ஒரு மயக்கம் வரும். கை தானாகப் பின்னால் இழுக்கும், வேகம் விழும். சமவெளியில் 300 மணி பறந்தவரின் கையும் இதைத்தான் செய்யும், ஏனென்றால் அந்த 300 மணியில் தொடுவானம் எப்போதும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

முறையான வழி, ஏற்றத்தைச் சமவெளியிலேயே முடித்துக்கொள்வது. எந்த உயரத்துக்கு என்பதில் ஒரு பொறி இருக்கிறது. கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானம் மேற்கு நோக்கிப் போகும்போது இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 சேர்த்த உயரத்தில் இருக்க வேண்டும். 6,500, 8,500, 10,500. கோயம்புத்தூரிலிருந்து ஊட்டி வடமேற்கு. 8,500 என்பது கேட்க உயரமாகத்தான் இருக்கும், ஆனால் தொட்டபெட்டா அதைவிட 150 அடி உயரம். எனவே 10,500. அதாவது 9,200 அடி ஏற வேண்டும். முழு எடையில் அதற்கு 25 முதல் 30 நிமிடம், அதற்குள் விமானம் 37 கடல் மைலுக்கு மேல் போயிருக்கும். ஊட்டியே 30-தான். நேரே போனால் நடக்காது. அன்னூர், அவினாசிப் பக்கம் சுற்றிச் சுற்றி ஏறிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம் இருப்பதால் எங்கே சுற்றலாம் என்பதை விமானக் கட்டுப்பாட்டாளர்தான் சொல்வார். பறப்பதற்கு முன்னரே வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். 10,000 அடிக்கு மேல் அரை மணிக்கு மேல் நிற்பதாக இருந்தால் ஆக்ஸிஜன் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவர் மட்டும் ஏறி, எரிபொருளையும் அளவாக வைத்தால் எல்லாக் கணக்கும் கொஞ்சம் இளகும்.

காற்றில் கலக்கும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் தண்டைப் புறப்பட்டதிலிருந்து இறங்கும் வரை முழு ரிச்சிலேயே (பெட்ரோல் அதிகபட்சம்) வைத்துப் பழகியவர்கள் இங்கே முதலில் மாட்டுவார்கள். 3,000 அடிக்கு மேல் காற்று மெலிந்து பெட்ரோல் மிஞ்சிப்போகும். இன்ஜின் தடுமாறும், சக்தி விழும். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து, சுற்று உச்சத்துக்கு வந்து இறங்கத் தொடங்கும்போது ஒரு நூல் உள்ளே தள்ள வேண்டும். இறங்கும்போது மறக்காமல் திரும்ப ரிச் ஆக்க வேண்டும். மறந்தால் சமவெளியில், தேவைப்படும் நேரத்தில் இன்ஜின் இருமும். செஸ்னா 152 போலக் கார்புரேட்டர் உள்ள விமானமாக இருந்தால் இன்னொன்று: ஈரக் காற்றில் 10 முதல் 20 டிகிரி வெப்பத்தில் கார்புரேட்டருக்குள் எளிதாக ஐஸ் கட்டும். குன்னூர் மஞ்சு அந்த வெப்பத்திலேயே மிதக்கிறது. சுற்று மெதுவாகக் குறையும்போது சூடான காற்றை உள்ளே விடும் கார்ப் ஹீட் பிடியை முழுதாக இழுக்க வேண்டும், பாதி இழுப்பு கூடாது. உருகிய நீர் உள்ளே போகையில் இன்ஜின் இன்னும் மோசமாக உறுமும். பயந்துபோய்த் திரும்பத் தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். அந்தச் சில விநாடி பொறுத்தால் சரியாகிவிடும்.

காற்றைப் பற்றி. ஜூன் முதல் ஆகஸ்டு வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பீறிட்டு வரும். கோயம்புத்தூர் ஓடுதளம் கிட்டத்தட்ட அதே திசையில் இருப்பதால் இறங்குவதில் பெரிய சங்கடம் இருக்காது, அதுவே ஏமாற்றும். மலைக்கு மேல் அதே காற்று மேற்கே ஏறி, கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துச் சரிவில் கீழே கொட்டும். நிமிடத்துக்கு ஆயிரம் அடி இறக்கும் காற்றில் 300 அடி ஏறும் விமானம் என்ன செய்யும்? ஏற முயல்வது வீண். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, வேகம் கூட்டி, சமவெளிப் பக்கம் திரும்பி அந்தக் காற்றிலிருந்து வெளியேறுவதுதான் வழி. அதற்குத் திரும்ப இடம் வேண்டும். அதனால்தான் மலை விளிம்பை நேராக முட்டாமல் 45 பாகை சாய்வாக நெருங்கச் சொல்கிறார்கள். அரைத் திருப்பத்தில் வெளியே வந்துவிடலாம். விளிம்பின் மேல் காற்று 25 நாட்டுக்கு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) மேல் என்றால் அன்றைக்கு மலையை மறந்துவிடுவது நல்லது.

பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டவருக்குத் திருப்பத்தின் அகலம்தான் உயிர். 90 நாட் நிஜ வேகத்தில் 30 பாகை சாய்த்துத் திரும்ப 760 மீட்டர் அகலம் தேவை. 45 பாகை சாய்த்தால் 440 மீட்டர் போதும். ஆனால் 45 பாகையில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும். 172எஸ்-இல் 53 நாட் என்பது 63 ஆகிவிடும். 110 நாட்டில் அதே 30 பாகைத் திருப்பத்துக்கு 1,130 மீட்டர். வேகம்தான் பாதுகாப்பு என்று பழகியவர், பர்லியாருக்கு மேல் பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில் அதே வேகத்தால் சிக்குவார். பள்ளத்தாக்கின் நடுவில் போகாமல் ஒரு ஓரமாகப் போக வேண்டும் என்பதன் காரணமும் இதுதான். நடுவில் போனால் பாதி அகலம்தான் கையில் இருக்கும்.

இன்ஜின் நின்றால்? இந்த விமானம் ஆயிரம் அடிக்கு ஒன்றரை கடல் மைல் மிதக்கும். குன்னூருக்கு மேல் 10,500 அடியில் நின்றால் மேட்டுப்பாளையம் தாராளமாக எட்டும். ஊட்டிக்கு மேல் நின்றால் தரையிலிருந்து இருக்கும் 3,150 அடி உயரத்தில் எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான். அவலாஞ்சிக்கு மேல் நின்றால் கிழக்கே எட்டாது, மேற்கே காடு. ஒரே உயரம், ஒரே விமானம். இருபது கிலோமீட்டர் தள்ளி வேறு பயணம். மலைப் பயணத்தின் கோட்டை வரைபடத்தில் வரையும்போது ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் "இங்கே நின்றால் எங்கே" என்று பென்சிலில் எழுதி வைப்பது அதற்காகத்தான். பழனி மலைப் பக்கம் இது இன்னும் நயமாக ஏமாற்றும். கோயம்புத்தூர்–மதுரை நேர்கோடு மலையின் கிழக்குத் தோளை உரசிக்கொண்டு போகிறது, கொடைக்கானல் வலப்பக்கம் 10 கடல் மைல் தூரத்தில் நிற்கும். பாதை சமவெளிப் பாதைபோலவே தோன்றும். "கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி ஏரியைப் பார்த்துட்டுப் போயிடலாம்" என்று தோன்றும் இடம் அது. திட்டத்தில் இல்லாத அந்தக் கொஞ்சம்தான் மலை மணி.

மேகம் எல்லாவற்றையும்விடப் பெரிது. காலையில் வெயில் ஏற ஏற, சமவெளியின் ஈரக் காற்று சரிவில் ஊர்ந்து மேலே வந்து மஞ்சாகக் கட்டும். கல்லாறு, பர்லியார், காட்டேரிப் பக்கம் பத்து, பதினொரு மணிக்கே சரிவு மறைந்துவிடுவதைக் குன்னூர்க்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். கீழே கோயம்புத்தூரில் பார்வைத் தூரம் பத்து கிலோமீட்டர், மேலே ஊட்டியிலும் பளிச்சென்ற வெயில், நடுவில் மட்டும் வெள்ளைச் சுவர். இரண்டு முனைகளின் வானிலையையும் விசாரித்துவிட்டுப் புறப்படுகிறவர் நடுவில் மாட்டுவார்.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து 11.48-க்குப் புறப்பட்டு வெலிங்டனில் 12.15-க்கு இறங்க வேண்டிய விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர், 12.08 அளவில் தொடர்பு இழந்து காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரும் மறைந்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு வாரம் போராடினார். இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசை உணர்வு தவறியது என்றது முப்படை விசாரணை. கருவிகளை வைத்துப் பறக்கப் பயின்ற முழுநேர ராணுவ விமானிகள் அவர்கள். அந்த மலைச்சரிவின் மேகம் அவர்களுக்கே அப்படி என்றால், 200 மணி வைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை விமானியின் 10 மணிக் கருவிப் பயிற்சி எந்த மூலைக்கு?

அந்தக் கருவிப் பயிற்சியும் இல்லாதவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதை 1954-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேர். வெளியே பார்க்க முடியாமல் செய்தபோது 20 பேரும் விமானத்தைத் தவறவிட்டார்கள். சிலர் 20 விநாடியில், தாக்குப்பிடித்தவர் 480 விநாடியில். சராசரி 178 விநாடி. ஏறத்தாழ மூன்று நிமிடம். விமானம் மெதுவாகச் சாயும், காதுக்குள் இருக்கும் திரவம் அதற்குப் பழகி "மட்டமாகத்தான் இருக்கிறோம்" என்று சொல்லும், உயரம் குறையும், இழுப்பார், சுழல் இறுகும். அதே ஆட்களுக்கு ஒரே ஒரு காரியத்தை, கருவியைப் பார்த்து மெதுவாக 180 பாகை திரும்பி வந்த வழியே போவதை, கற்றுக்கொடுத்தபோது பெரும்பாலும் பிழைத்தார்கள். இந்த ஒரு திருப்பத்துக்கு மாதம் பத்து நிமிடம் ஒதுக்குவது, தொகையில் இன்னொரு நூறு சேர்ப்பதைவிட நல்ல முதலீடு. மலையில் ஒரு திருத்தம்: திரும்புவதற்கு முன்பே எந்தப் பக்கம் சரிவு, எந்தப் பக்கம் வெட்டவெளி என்று தெரிந்திருக்க வேண்டும். மேகத்துக்குள் போனபின் அதை யோசிக்க முடியாது.

பழக்கம் வறண்டுபோவதை மொத்த மணி காட்டுவதே இல்லை. அமெரிக்க விதி, பயணியை ஏற்ற வேண்டுமானால் முந்தைய 90 நாளில் மூன்று தடவை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்கிறது. அதுவும் மிகக் குறைந்த அளவுதான். மலையில் குடியிருப்பவருக்கு இந்த 90 நாள் சீக்கிரம் கரையும். ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் 86 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பயிற்சி விமானம் கிடைக்கும் இடம் அதற்கும் அப்பால், பெங்களூரு ஜக்கூர் போல இருந்தால் ஒரு நாளே போய்விடும். ஒரு மணி பறக்க ஆறு மணி நேர மலைப்பாதை. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பக்கம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர்ப் பக்கம் மண் சரியும், மரம் விழும், பாதை மூடும். டிசம்பர் கடைசியில் வானம் பளிச்சென்று ஆனதும் "500 மணி இருக்கே" என்ற தெம்பில் மலைக்கு மேல் பறக்கப் புறப்படுகிறவரின் கை மூன்று மாதமாகத் தண்டைத் தொட்டிருக்காது. அந்த முதல் நாளைச் சர்க்யூட்டுக்கு விட்டுவிட்டு, இரண்டாம் நாள் இன்ஸ்ட்ரக்டரோடு மலைக்குப் போவது கௌரவக் குறைச்சல் ஆகாது.

லாக்புக்கை இதற்கேற்றபடி மாற்றிக்கொள்வது பெரிய வேலை அல்ல. டிஜிசிஏ கேட்கும் பதிவு அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. மொத்த மணிக்கு அதில் இடமே வேண்டாம். கடந்த 90 நாளின் இறக்கங்கள், 10 நாட்டுக்கு மேல் பக்கக் காற்றில் இறங்கியவை, கருவி மட்டும் பார்த்த நிமிடங்கள், 8,000 அடிக்கு மேல் இருந்த நிமிடங்கள், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்த நேரம், பாதியில் திரும்பிய பயணங்கள் என்று ஆறு கட்டம் போதும். கடைசிக் கட்டத்தைப் பலர் வெட்கப்பட்டுக் காலியாக விடுகிறார்கள். 300 மணியில் அது பூஜ்யமாக இருந்தால், ஒன்று அவருக்கு வானிலை அபாரமாக அமைந்திருக்கிறது, அல்லது திரும்ப வேண்டிய நாட்களில் திரும்பவில்லை. இரண்டாவதற்கே சாத்தியம் அதிகம்.

குறிப்பு எழுதும் இடத்தில் "அருமையான பயணம்" என்று எழுதி என்ன பயன்? அடுத்த தடவைக்கு உதவும்படி இப்படி ஒரு பதிவு இருக்கலாம்: காலை 7.05 முதல் 8.35. இருவர், எரிபொருள் 140 லிட்டர். அன்னூர் மேல் சுற்றி 8,500 வரை ஏற்றம். அங்கே வெளி வெப்பம் 14, ஏற்றம் நிமிடத்துக்கு 380. குன்னூர் விளிம்பில் 7.48-க்கு முதல் மேகம், நமக்கு 1,500 அடி கீழே, கிழக்கிலிருந்து. தொட்டபெட்டா தாண்டவில்லை, திரும்பியது. மொத்தம் 1.30. மலை: 12 நிமிடம்.